விமர்சன வீடியோவுக்கு ஸ்ட்ரைக்: எதை எதிர்ப்பது, எதை விடுவது?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். பகலில் கல்லூரி வேலை, இரவில் தமிழ்ப் படங்களை அலசும் யூடியூப் சேனல். கதாநாயகியை விடாமல் பின்தொடர்வதை ஒரு படம் எப்படிக் காதலாக்கிக் காட்டுகிறது என்று 24 நிமிட வீடியோ ஒன்று போட்டார். அதில் அந்தப் படத்தின் 11 கிளிப்புகள், மொத்தம் 2 நிமிடம் 40 நொடி. 11 நாளுக்கு முன் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் காப்பிரைட் ஸ்ட்ரைக் (பதிப்புரிமைப் புகாரின் பேரில் யூடியூப் சேனல் மேல் பதியும் எச்சரிக்கை) வந்து வீடியோ தூக்கப்பட்டது. இது அவருக்கு இரண்டாவது. 40 நாளுக்கு முன், அதே படப் பாட்டின் மெட்டில், இணையத்தில் எடுத்த கரோக்கி டிராக்கை வைத்துப் பெட்ரோல் விலையைக் கிண்டல் செய்து பாடிய வீடியோவுக்கு முதல் ஸ்ட்ரைக் வந்திருந்தது.

இரண்டாவது ஸ்ட்ரைக்குக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "ரெண்டு லட்சம் கட்டினா எடுத்துடுவோம்மா. எங்க படத்தைப் பத்திப் போட்ட மத்த வீடியோவையும் தூக்கிடு. இல்லேன்னா மூணாவதும் வரும்."

அவர் கேட்பவை: "பெரும்பாலான கிளிப்புகள் 15 நொடிக்குள்தான். படத்தின் பெயரைச் சொல்லி நன்றி போட்டிருக்கிறேன். 'காப்புரிமை மீறும் நோக்கம் இல்லை' என்றும் எழுதியிருக்கிறேன். சேனலில் பெரிய வருமானமும் இல்லை. பேச்சுரிமை இருக்கும் நாட்டில் இது எப்படிச் செல்லும்? போலீஸில் புகார் கொடுக்கலாமா? வீடியோவை நானே அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகாது. ஸ்ட்ரைக் வாங்கிய வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் கணக்கில் அப்படியே நிற்கும். அது தீர மூன்றே வழிகள்: 90 நாள் கழிந்து காலாவதியாவது, புகார் கொடுத்தவரே திரும்பப் பெறுவது, நீங்கள் எதிர் அறிவிப்பு (வீடியோவைத் தூக்கியது தவறு என்று யூடியூபுக்குக் கொடுக்கும் முறையான மறுப்பு) கொடுத்து வெல்வது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும், அதோடு இணைந்த மற்ற சேனல்களும். எனவே எதையும் அழிக்காதீர்கள். புதிதாகவும் எதையும் ஏற்றாதீர்கள். முதல் ஸ்ட்ரைக் தீர இன்னும் 50 நாள் இருக்கிறது.

உங்கள் இரண்டு வீடியோக்களும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. விமர்சன வீடியோவுக்காகச் சண்டை போடலாம். பெட்ரோல் பாட்டுக்காகப் போடாதீர்கள்.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். காப்புரிமை என்றால் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் பேடன்ட். படம், பாட்டு, எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. செய்தித்தாள்களே குழப்பிக்கொள்ளும் சொல்தான் இது. கடிதம் எழுதும்போது மட்டும் சரியாக இருக்கட்டும்.

நொடிக் கணக்கு, நன்றி, பொறுப்புத் துறப்பு

10 நொடி, 15 நொடி, 30 நொடி என்று ஊரில் உலவும் கணக்கு எதுவும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. 2024-ல் ஓர் ஆவணப்படத்தில் வந்த 3 நொடிக் காட்சிக்காக 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோரிக்கை சரியா என்பது வேறு. 3 நொடிக்கும் நோட்டீஸ் வரும் என்பதுதான் நமக்கு வேண்டியது. எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம்: தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பாடகி தன் பாட்டுகளில் சில வரிகள் பாடியதற்காக யஷ்ராஜ் ஃபிலிம்ஸ் தொடுத்த வழக்கில், எடுத்தது அற்பமான அளவு என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சேனல் பக்கம் நின்றது. அளவு முக்கியம். ஆனால் நீதிமன்றம் அதை ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பதில்லை.

படத்தின் பெயரைச் சொல்வது நல்ல பழக்கம். அனுமதி வாங்கியதாக ஆகாது. "மீறும் நோக்கம் இல்லை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது உங்களைக் காக்காது. தெரிந்தேதான் செய்தீர்கள் என்று காட்ட எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். 63-ஆம் பிரிவில் 'தெரிந்தே' மீறுவது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் உள்ள குற்றம். அது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத வகைக் குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு மீறலே அல்ல. மீறல் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. அந்தக் கோட்டுக்குள் நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வருமானமும் அப்படித்தான். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் பத்திரிகையும் விமர்சனம் எழுதுகிறது. காசு வந்ததால் விமர்சனம் கெட்டுப்போகாது, காசு வரவில்லை என்பதால் மீறல் நியாயமாகிவிடாது.

இன்னொன்று. எடிட் செய்து தரும் தம்பி, யூடியூபின் தானியங்கிக் கண்ணுக்குத் தப்ப, கிளிப்புகளை இடவலமாகத் திருப்பி, குரலைச் சற்று ஏற்றி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் வேண்டாம். விமர்சகர் எடுத்ததை எடுத்தபடி காட்டுவார். மறைப்பவர்தான் திருப்பி வைப்பார் என்று எந்த நீதிபதிக்கும் தோன்றும்.

பேச்சுரிமை இந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவைக் காட்டி யூடியூபுக்கு எழுதுவதால் பலனில்லை. அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. இங்கே ஒரு தனியார் நிறுவனம் இன்னொரு தனியார் தளத்தின் விதிப்படி புகார் கொடுத்திருக்கிறது. ஆனாலும் பேச்சுரிமைக்கு இதில் இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் காரணங்களை 19(2) பட்டியலிடுகிறது. அவதூறு அதில் உண்டு, பதிப்புரிமை அந்தப் பெயரில் இல்லை. இரண்டும் மோதாமல் இருக்க வைத்த கதவு, பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதன் நோக்கமே பேச்சுரிமையைக் காப்பதுதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லியிருக்கிறது.

52(1)(அ) சொல்வது இது: "அந்தப் படைப்பையோ வேறு எந்தப் படைப்பையோ" விமர்சிக்க அல்லது மதிப்புரை செய்ய, நியாயமாகக் கையாள்வது மீறல் அல்ல. கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புக்கும் இது பொருந்தும். 2012 திருத்தத்துக்குப் பிறகுதான் சினிமாவும் ஒலிப்பதிவும் இந்தப் பிரிவுக்குள் தெளிவாக வந்தன. பழைய புத்தகத்தை வைத்து உங்களைப் பயமுறுத்துபவர்களுக்கு அதை நினைவூட்டலாம்.

'நியாயம்' என்றால் என்ன? உங்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு கேரளத்தில் இருக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற இடதுசாரி நாடகத்தை விமர்சித்து சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். அதே பாத்திரங்கள், மூல வசனங்களிலிருந்து கணிசமான பகுதிகள். உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. நாடகத்தைத் தடுக்க முடியாது என்று 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. பார்த்தவை மூன்று: விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்ததன் அளவும் மதிப்பும் என்ன, எதற்காக எடுத்தது, மூலத்தோடு போட்டி போடுமா. உங்கள் வீடியோவைப் பார்த்தவர் "படத்தையே பார்த்தாயிற்று" என்று டிக்கெட்டை விடுவாரா? மாட்டார். "இப்படிப் படமா, வேண்டாம்" என்று விடலாம். அது விமர்சனம் செய்த சேதம். அதற்குப் பதிப்புரிமையில் மருந்து கிடையாது.

உங்கள் விவகாரத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் கணிப்பு. தயாரிப்பாளரின் வலி கிளிப்பால் வந்ததல்ல, கருத்தால் வந்தது. கருத்து பொய்யென்றால் அவதூறு வழக்குப் போடலாம். ஆனால் அங்கே உண்மையும் நியாயமான விமர்சனமும் உங்களுக்குத் தற்காப்பு, நிரூபிக்கும் வேலையும் நீளும். ஸ்ட்ரைக்குக்கு ஒரு படிவம் போதும். முதலில் தூக்கு, பிறகு பேசு என்ற அமைப்பு அது. படம் வெளியாகி மூன்று நாளுக்கு இணைய விமர்சனம் கூடாது என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் அமைப்பு ஒன்று 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டபோது, விமர்சனம் கருத்துரிமை என்று சொல்லி இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தில் கிடைக்காததைப் படிவத்தில் வாங்கிவிட முடிகிறது என்பதுதான் இன்றைய நிலைமை.

11 கிளிப்பையும் மேசையில் வைத்துப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய எடிட் பட்டியலில் பத்து கிளிப்புகள் நன்றாகவே இருக்கின்றன. நான்காவதை எடுத்துக்கொள்கிறேன்: 7:12 முதல் 7:21 வரை, 9 நொடி. பேருந்து நிறுத்தத்தில் நாயகி நிற்க, கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருந்து அவளைப் பார்க்கிறது. கிளிப் முடிந்ததும் நீங்கள் சொல்வது: "இந்தக் காட்சி முழுக்கக் கேமரா ஒருமுறைகூட அவள் இருக்கும் பக்கம் போகவில்லை. அவள் பயம் நமக்குத் தெரியவே தெரியாது." அந்த 9 நொடி இல்லாமல் இந்த வாக்கியத்தை நிரூபிக்க முடியாது. இதுதான் நியாயமான பயன்பாடு.

இடிப்பது எட்டாவது. 16:40-ல் தொடங்கும் க்ளைமாக்ஸ் சண்டை, 48 நொடி, படத்தின் ஒலியோடு. நீங்கள் சொல்வது ஒரே வரி: "சண்டை மட்டும் சூப்பர், அதைச் சொல்லியே ஆகணும்." இந்தப் பாராட்டுக்கு 48 நொடி எதற்கு? எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் 24 நிமிடத்தில் இந்த 48 நொடியை மட்டும்தான் நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்டுவார். தூக்கப்பட்ட வீடியோவைத் திருத்தவும் முடியாது. இருக்கிறபடிதான் வாதாட வேண்டும். பத்து பலமானவை, ஒன்று பலவீனமானது. மொத்தத்தில் நிற்கும் வழக்குதான், நூற்றுக்கு நூறு இல்லை.

தொடக்கத்தில் ஓடும் வேறொரு பழைய பாட்டுக்கு இசை நிறுவனம் போட்டிருப்பது ஸ்ட்ரைக் அல்ல, கன்டென்ட் ஐடி (பாட்டு, காட்சிகளைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் ஏற்பாடு) வழியான கோரிக்கை. விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் பேசவில்லை, எனவே மறுக்காதீர்கள். மறுத்து, அவர்கள் நிராகரித்து, நீங்கள் மேல்முறையீடு செய்தால் அது ஸ்ட்ரைக்காக மாறும் வாய்ப்பு உண்டு. வீடியோ திரும்பி வந்தால் அந்தப் பாட்டை நீக்கிவிடுங்கள்.

எதிர் அறிவிப்பு: கையெழுத்துப் போடும் முன்

முதலில், புகார் கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அவர் பெயர் தெரியும். தமிழ் சினிமாவில் நெகட்டிவ் உரிமை, சாட்டிலைட், ஓடிடி, ஆடியோ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் போயிருக்கும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்ளும். கைமாற்றிவிட்ட பழைய தயாரிப்பாளரின் பெயரில் ஏதோ ஒரு ஏஜென்சி புகார் போடுவதும் உண்டு.

எதிர் அறிவிப்பு அமெரிக்கச் சட்டப்படியான ஆவணம். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு, உங்கள் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். அது அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். வாட்ஸ்அப்பில் மிரட்டியவரின் கைக்கு உங்கள் வீட்டு முகவரி போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். வக்கீல் உங்கள் சார்பில் தாக்கல் செய்யலாம். அந்தச் செலவு வீண் அல்ல. இந்தியாவில் இருப்பவர் கையெழுத்துப் போடும்போது, யூடியூப் இருக்கும் கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் ஒப்புக்கொள்கிறார். நடைமுறையில் சென்னைத் தயாரிப்பாளர் சென்னையில்தான் வழக்குப் போடுவார். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு அவர் ஊரிலேயே போட அனுமதிக்கிறது. அலைய வேண்டியது நீங்கள்.

காரணம் எழுதும் பெட்டியில் கோபம், பேச்சுரிமை, கலைத் தாகம் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம்: இது 24 நிமிட விமர்சனம், படத்திலிருந்து எடுத்தது 2 நிமிடம் 40 நொடி, 11 துண்டுகளாக, ஒவ்வொன்றையும் பற்றிப் பேசியிருக்கிறேன், உதாரணமாக இந்த இந்த நேரங்களில், படத்துக்கு இது மாற்று அல்ல, இந்தியச் சட்டம் 52(1)(அ), அமெரிக்கச் சட்டத்தின் ஃபேர் யூஸ் (நியாயமான பயன்பாடு) இரண்டின்படியும் அனுமதிக்கப்பட்டது. புகார் கொடுக்கும் முன் ஃபேர் யூஸை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று, குழந்தை ஆடும் 29 நொடி வீடியோ ஒன்றைப் பற்றிய வழக்கில், கலிபோர்னியாவுக்கும் பொருந்தும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் சொன்னதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

யூடியூப் ஏற்றுக்கொண்டால் அதை எதிர்த்தரப்புக்கு அனுப்பும். 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதற்கான சான்றை அவர்கள் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக்கும் போகும். வழக்கே போட்டுவிட்டால்? உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்கிவிடாதபடி, வழக்கு வரக்கூடிய சென்னை நீதிமன்றத்தில் முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும்.

இந்திய வழி ஒன்றும் உண்டு. 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம். யூடியூபின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு இதைச் சுட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முதன்மை ஆயுதமாக நம்ப வேண்டாம். பின்னால் காட்ட ஒரு பதிவு இருக்கட்டும்.

பெட்ரோல் பாட்டை ஏன் விடச் சொல்கிறேன்

ஒரு பாட்டில் மெட்டுக்கு ஒரு உரிமை, வரிகளுக்கு இன்னொன்று, ஒலிப்பதிவுக்கு மூன்றாவது. வரிகளை நீங்களே எழுதினீர்கள், சரி. மெட்டு அவர்களுடையது. கரோக்கி டிராக் வேறு யாரோ செய்த ஒலிப்பதிவு. அந்தப் பாட்டையே, அது பெண்ணை வர்ணிக்கும் விதத்தையே நீங்கள் கிண்டல் செய்திருந்தால் விமர்சனம் என்று வாதாடலாம். நீங்கள் கிண்டல் செய்தது பெட்ரோல் விலையை. சட்டம் சொல்வது படைப்பு மீதான விமர்சனம். பெட்ரோல் விலை படைப்பு அல்ல. நம் சட்டத்தில் பகடி என்று தனி விலக்கும் கிடையாது. மேடைதோறும் சினிமா மெட்டில் கட்சிப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இது அநியாயமாகத் தோன்றும். எனக்கும் இந்த இடத்தில் சட்டம் குறுகியது என்றுதான் படுகிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு ஸ்ட்ரைக்கோடு நிற்கும் சேனல் ஏற்றதல்ல. 50 நாளில் காலாவதியாகட்டும்.

அடுத்த முறை சொந்த மெட்டு போடுங்கள். பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. பாரதி பாடல்களும் எல்லோருக்கும் பொது. ஆனால் படத்தில் வந்த பாரதி பாட்டின் ஒலிப்பதிவு பொது அல்ல. நீங்களே பாட வேண்டும்.

இரண்டு லட்சமும் போலீஸும்

உரிமை உள்ளவர் உரிமத்துக்குக் காசு கேட்பது மட்டுமே குற்றமாகிவிடாது. தொகை கொள்ளையாக இருந்தாலும் பேரம்தான். இந்தச் செய்தியில் கனமான பகுதி வேறு: மற்ற விமர்சனங்களையும் எடு, இல்லையேல் மூன்றாவது ஸ்ட்ரைக். அதாவது எந்த வீடியோவில் மீறல் என்று சொல்லாமலே மிரட்டல். இதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே 60-ஆம் பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் வழக்கு, பொறுப்பு என்று மிரட்டினால், மீறல் இல்லை என்று அறிவிக்கவும், மிரட்டலை நிறுத்தவும், நஷ்ட ஈடு தரவும் நீங்களே வழக்குப் போடலாம். அவர்கள் தாமதமின்றி மீறல் வழக்குப் போட்டு நடத்தினால் உங்கள் வழக்கு நிற்காது என்ற விலக்கும் அதில் உண்டு. எனவே முதல் படி வழக்கு அல்ல. 60-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, எந்த வீடியோ, எந்த நேரம், எந்த ஆவணத்தின்படி உரிமை என்று கேட்கும் வக்கீல் பதில். பல நேரம் இதோடு அடங்கிவிடும். போலீஸ் புகாரை இப்போது தவிருங்கள்; நீங்கள் ஒன்று கொடுத்தால் அவர்கள் 63-ஆம் பிரிவில் ஒன்று கொடுப்பார்கள்.

காசு கொடுத்தே முடிக்க நினைத்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் போக வேண்டாம். எந்த ஸ்ட்ரைக்குகள் எத்தனை நாளில் திரும்பப் பெறப்படும், பழைய வீடியோக்கள் மேல் புதிய புகார் வராது என்பவை அதில் இருக்க வேண்டும். "இனி எங்கள் படங்களை விமர்சிக்கமாட்டேன்" என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தம்ப்நெயிலில் அந்த நிறுவனத்தின் லோகோவைக் கிண்டலாக மாற்றியதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வணிக முத்திரை விஷயம். டாடாவின் சின்னத்தை வைத்து, ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தை எதிர்த்து கிரீன்பீஸ் செய்த ஆமை விளையாட்டுக்குத் தடை விதிக்க 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. கிண்டல் என்று பார்த்தவுடன் தெரிந்தால் பெரிய கவலை இல்லை.

கிளிப் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். தியேட்டரில் செல்போனில் எடுத்த காட்சி, எவ்வளவு சின்னதானாலும் வேண்டாம். 2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் அதற்குக் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் அபராதமும் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் உரையாடலை எண், தேதி தெரியும்படி ஏற்றுமதி செய்து வையுங்கள், செய்தி வந்த போனை மாற்றாதீர்கள், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் போட அது வேண்டும். எடிட் ப்ராஜெக்ட் கோப்பு, ஸ்ட்ரைக் மின்னஞ்சல்கள், 11 கிளிப்பின் நேரப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் சொன்ன வாக்கியம், இவற்றோடு வக்கீலைப் பாருங்கள். அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு செய்தி போதும்.